டிஎஸ்ஐபி: ஆழ்ந்த தூக்கத்துக்கான பெப்டைட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று இணையத்தில் தேடினால், கொஞ்ச நேரத்திலேயே டிஎஸ்ஐபி என்ற பெயர் கண்ணில் பட்டுவிடும். ஒரு பக்கம் அதிசய மருந்து என்பார்கள், இன்னொரு பக்கம் சுத்த ஏமாற்று என்பார்கள். இரண்டும் இல்லை. இதற்குப் பின்னால் நிஜமான அறிவியல் கதை ஒன்று இருக்கிறது, அந்தக் கதை பாதியில் நின்றுபோனதும் நிஜம். அடிக்கடி வரும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

டிஎஸ்ஐபி என்றால் என்ன?

டெல்டா ஸ்லீப் இண்டியூசிங் பெப்டைட் என்பதன் சுருக்கம். ஒன்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சின்னச் சங்கிலி: டிரிப்டோஃபேன், அலனின், கிளைசின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், அலனின், செரின், கிளைசின், குளுட்டாமிக் அமிலம். மூலக்கூறு எடை சுமார் 849 டால்டன். ஒப்பிட வேண்டுமென்றால், இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உண்டு. மருந்துப் பெயர்ப் பட்டியலில் இதற்கு எமிடெல்டைட் என்று ஒரு பெயர் இருக்கிறது, இணையத்தில் இதை ஊசிக் குப்பியாக விற்பவர்கள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை.

யார் கண்டுபிடித்தது? எப்படி?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், மார்செல் மொன்னியே, குய்தோ ஷோனன்பெர்கர் குழுவினர். ஆனால் இந்தத் தேடல் அவர்களோடு தொடங்கியதில்லை. விழித்திருக்கும்போது ஏதோ ஒரு பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே வருகிறது, அது ஓர் அளவைத் தாண்டினால் தூக்கம் வருகிறது என்ற எண்ணம் நூறு வருஷத்துக்கும் பழசு. 1900-களின் தொடக்கத்தில் ஜப்பானில் இஷிமோரியும், பிரான்சில் லெஜாந்திரும் பியரோனும், நாய்களைப் பல நாள் தூங்கவிடாமல் வைத்து, அவற்றிடமிருந்து எடுத்த சாற்றையும் தண்டுவட நீரையும் வேறு நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த நாய்கள் தூங்கின.

பாசல் குழு 1960-களில் வேறு வழியில் போனது. முயலின் மூளையில் தாலமஸ் என்ற பகுதியை மின்சாரத்தால் மெல்லத் தூண்டினால் முயல் தூங்கிவிடும். அப்படித் தூங்கும் முயலின் மூளையிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தை டயாலிசிஸ் செய்து, சின்ன மூலக்கூறுகளை மட்டும் வடித்தெடுத்து, விழித்திருக்கும் இன்னொரு முயலுக்குக் கொடுத்தார்கள். வாங்கிய முயலின் மூளை அலைப் பதிவில் டெல்டா அலைகள் கூடின. அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்கவே பல வருஷம் ஆனது. 1977-ல் அமினோ அமில வரிசையையும், செயற்கையாகத் தயாரித்த அதே பெப்டைட் முயலில் வேலை செய்ததையும் வெளியிட்டார்கள். அன்றைய கருவிகளை நினைத்தால் அசாத்தியமான உழைப்பு. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

டெல்டா அலை என்றால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு மவுசு?

தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னசைவைப் பதிவு செய்தால், விழித்திருக்கும்போது வேகமான சின்னச் சின்ன அலைகள் தெரியும். தூக்கம் ஆழமாக ஆக அலைகள் மெதுவாகும், உயரமாகும். நொடிக்கு நாலுக்கும் குறைவான அந்தப் பெரிய அலைகள்தான் டெல்டா. அவை நிறைந்த கட்டத்தை என்3 என்பார்கள், நாம் ஆழ்ந்த தூக்கம் என்கிறோம். இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் இதன் பெரும்பகுதி வந்துவிடும். விடியற்காலையில் கனவுத் தூக்கம் அதிகம்.

வளர்ச்சி ஹார்மோன் பெரிய அளவில் சுரப்பது இந்தக் கட்டத்தோடு ஒட்டித்தான். பகலில் கற்றது நினைவில் பதிவதிலும் இதற்குப் பங்கு உண்டு. மூளைக் கழிவு தூக்கத்தில்தான் கழுவப்படுகிறது என்று 2013-ல் எலிகளில் செய்த ஆய்வு சொன்னது. 2024-ல் அதற்கு எதிரான முடிவோடு, அதுவும் எலிகளில்தான், இன்னொரு ஆய்வு வந்திருக்கிறது. ஆகவே "மூளையைக் கழுவும் தூக்கம்" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

சரி, மனிதர்களிடம் வேலை செய்ததா?

எல்லோரும் கேட்க வருவது இதைத்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

1980-களின் தொடக்கத்தில் ஷ்னைடர்-ஹெல்மெர்ட் என்பவர் உள்ளிட்ட சிலர் மனிதர்களிடம் சோதித்தார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 நானோமோல் (மிக நுண்ணிய அளவு) என்ற கணக்கில், ரத்தக் குழாய் வழியாக மெதுவாக ஏற்றினார்கள். நாள்பட்ட தூக்கமின்மை உள்ள சிலருக்குத் தூக்கம் கூடியது என்று எழுதினார்கள். 1984-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில், கடுமையான தூக்கமின்மை உள்ள 7 பேருக்குப் பத்து ஊசித் தொடர் கொடுத்ததில் 6 பேருக்குத் தூக்கம் சீரானது என்று வந்தது. இன்றைக்கு விற்பனைப் பக்கங்களில் பார்க்கும் உற்சாகமெல்லாம் பெரும்பாலும் இந்தக் காலத்துக் கட்டுரைகளிலிருந்து எடுத்ததுதான்.

இந்த மாதிரி ஆய்வில் ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்கமின்மை என்பது ஏறி இறங்கும் நோய். மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் ஆள் மருத்துவரிடமே போவார், அதற்குப் பிறகு என்ன கொடுத்தாலும், ஒன்றும் கொடுக்காமல் விட்டாலும் கூட, கொஞ்சம் தேறத்தான் செய்யும். அதோடு ஆய்வகத்தில் ஒருவர் அக்கறையாகக் கவனித்து, ஊசி போட்டு, "இன்றைக்கு நன்றாகத் தூங்குவீர்கள்" என்றால், அந்த நம்பிக்கையே பாதித் தூக்கம். மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்ட குழு ஒன்று பக்கத்தில் இல்லாமல், மருந்து எவ்வளவு செய்தது, நம்பிக்கை எவ்வளவு செய்தது என்று பிரிக்கவே முடியாது.

அப்படிப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 1992-ல் வந்தது. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 16 பேர், யாருக்கு மருந்து யாருக்கு வெற்று ஊசி என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. டிஎஸ்ஐபி குழுவில் தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வந்தது, படுக்கையில் இருந்த நேரத்தில் தூங்கிய பங்கும் கொஞ்சம் கூடியது. ஆனால் வித்தியாசம் சிறியது, அதிலும் ஒரு பகுதி வெற்று ஊசிக் குழுவில் தற்செயலாக நடந்த மாற்றத்தால் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். தூக்கத்தின் தரம் எப்படி என்று தூங்கியவரைக் கேட்டால் மாற்றமே இல்லை. இதனால் தூக்கமின்மைக்குப் பெரிய பலன் இருக்கும் என்று தோன்றவில்லை என்பதுதான் அவர்கள் முடிவு.

என் கருத்தைக் கேட்டால், 1992 ஆய்வையும் கூடப் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க மாட்டேன், 16 பேர் என்பது கைவிரல் எண்ணிக்கை. ஆனால் கட்டுப்பாடு கூடக் கூடப் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல மருந்து என்றால் அது நேர்மாறாக இருக்கும்.

ஆழ்ந்த தூக்கம் கூடியதா, மொத்தத் தூக்கம் கூடியதா?

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. மனித ஆய்வுகளில் சொல்லப்பட்ட முன்னேற்றம் பெரும்பாலும் சீக்கிரம் தூங்கியது, இடையில் விழிப்பது குறைந்தது, மொத்த நேரம் கூடியது என்ற வகைதான். டெல்டா அலைகள் கூடும் என்பது முயல் ஆய்வில் வந்த சேதி. மனிதர்களிடம் என்3 கட்டத்தைத் திரும்பத் திரும்ப, நம்பும்படியாக உயர்த்திக் காட்டிய சான்று கிடையாது.

விலங்குகளிலாவது தெளிவான முடிவு இருக்கிறதா?

அதுவும் இல்லை. சில ஆய்வகங்களில் வேலை செய்தது, சிலவற்றில் செய்யவில்லை. அளவைக் கூட்டினால் பலன் கூடாமல் குறையவும் செய்கிறது. அதாவது நடுவில் ஓர் அளவில் மட்டும் வேலை, அதற்குக் கீழேயும் மேலேயும் ஒன்றுமில்லை. காலையில் கொடுத்தால் ஒரு மாதிரி, இரவில் கொடுத்தால் வேறு மாதிரி. 2006-ல் ரஷ்ய ஆய்வாளர் கோவல்ஸோன் தன் சக ஆய்வாளரோடு அதுவரை வந்தவற்றையெல்லாம் அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். டிஎஸ்ஐபிக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பே சரியாக நிறுவப்படவில்லை, இது இன்னும் அவிழாத புதிர் என்பதுதான் அதன் சாரம். இந்தப் பொருளை நீண்ட காலம் ஆராய்ந்தவர் சொல்வது என்பதால் எனக்கு அது கனமாகவே படுகிறது.

உடம்பில் இது எப்படி வேலை செய்கிறது?

தெளிவான விடை யாரிடமும் இல்லை. ஒரு பெப்டைட் உடம்பில் இயல்பாகச் சுரக்கிறது என்றால் அதைத் தயாரிக்கும் கட்டளை ஏதோ ஒரு மரபணுவில் இருக்க வேண்டும். டிஎஸ்ஐபிக்கு அப்படி ஒரு மரபணு உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அது போய் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும் ஏற்பி ஒன்று செல்லின் மேல் இருக்க வேண்டும். அதுவும் அகப்படவில்லை. கடிதம் கையில் இருக்கிறது, அனுப்பியவர் யார் என்றும் தெரியவில்லை, யாருக்கு வந்தது என்றும் தெரியவில்லை என்ற நிலைமை.

இதோடு ஓரெக்ஸினை வைத்துப் பாருங்கள். அதுவும் மூளையில் உள்ள பெப்டைட்தான், ஆனால் விழிப்பைத் தாங்கிப் பிடிப்பது. 1998-ல் கண்டுபிடித்தபோதே மரபணுவும் ஏற்பிகளும் கையோடு கிடைத்தன. 1999-ல் நார்கொலெப்சி என்ற தூக்க நோய் உள்ள நாய்களில் அந்த ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. அடுத்த வருஷமே மனித நோயாளிகளின் மூளையில் ஓரெக்ஸின் காணாமல் போயிருப்பது தெரிந்தது. 2014-ல் அந்த ஏற்பியை அடைக்கும் சுவோரெக்ஸன்ட் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. பதினாறு வருஷம். டிஎஸ்ஐபியின் வரிசை வெளியாகி அதைவிட மூன்று மடங்கு காலம் ஓடிவிட்டது. மருந்து நிறுவனங்கள் வேண்டுமென்றே அமுக்கிவிட்டன என்று ஒரு கதை சுற்றுகிறது. தூக்க மாத்திரைச் சந்தை எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்கள் அந்தக் கதையை நம்ப மாட்டார்கள். வேலை செய்யும் பெப்டைட் ஒன்று கிடைத்திருந்தால், அதைக் கொஞ்சம் மாற்றி, காப்புரிமை வாங்கி, எப்போதோ விற்றிருப்பார்கள்.

நம் உடம்பிலேயே இது இருக்கிறது என்கிறார்களே?

டிஎஸ்ஐபியைப் பிடிக்கும் எதிர்ப்பொருட்களைக் கொண்டு தேடினால் ரத்தம், மூளை, சிறுநீர், தாய்ப்பால் என்று பல இடங்களில் ஏதோ ஒன்று மாட்டுகிறது. "டிஎஸ்ஐபி போன்ற பொருள்" என்றுதான் ஆய்வாளர்கள் கவனமாக எழுதுகிறார்கள். அதே ஒன்பது அமிலச் சங்கிலியா, அல்லது அதைப் போன்ற ஒரு துண்டைக் கொண்ட பெரிய புரதமா என்பது வேறு கேள்வி. தாய்ப்பாலில் இருப்பதால் பாதுகாப்பானது என்று விளம்பரம் பார்த்தேன். இன்சுலினும்தான் நம் உடம்பில் இருக்கிறது, அதற்காக யாரும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வதில்லை.

சில நிமிடங்களில் உடைந்துவிடும் என்கிறார்கள், பிறகு இரவு முழுக்க எப்படி வேலை செய்யும்?

ரத்தத்தில் உள்ள நொதிகள் டிரிப்டோஃபேன் இருக்கும் முனையிலிருந்து இதை வெட்ட ஆரம்பித்துவிடும், அரை ஆயுள், அதாவது பாதி அளவு அழிய ஆகும் நேரம், நிமிடக் கணக்குதான். மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பைக் கொஞ்சம் தாண்டுகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டின. ரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தப்பிக்கலாம், அல்லது ஆரம்பத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டால் மற்ற ஹார்மோன்கள் அந்த வேலையை எடுத்துச் செல்லலாம் என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. விளக்கங்கள்தான், நிரூபணம் இல்லை.

தூக்கம் தவிர வேறு எதற்காவது ஆராய்ந்திருக்கிறார்களா?

நிறைய. மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள், வலி, உடல் வெப்பம், வலிப்பு என்று பட்டியல் நீளும், பெரும்பாலும் எலிகளில். மனிதர்களிடம் குறிப்பிடத்தக்கது, மதுவையும் ஓபியம் வகைப் போதைப் பொருட்களையும் நிறுத்தும்போது வரும் அவஸ்தைக்குக் கொடுத்துப் பார்த்த 1984 ஆய்வு. நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்து, பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் தணிந்தன என்றார்கள். அங்கும் ஒப்பிட வெற்று மருந்துக் குழு இல்லை. ரஷ்யாவில் கிளைசினோடு சேர்த்து மூக்கில் விடும் டெல்டாரான் என்ற தயாரிப்பு உண்டு.

ஒரே பொருளுக்கு இத்தனை வேலை சொல்லப்படுகிறது என்றால் எனக்கு நம்பிக்கை கூடுவதில்லை, குறைகிறது.

பாதுகாப்பானதா?

சின்ன, குறுகிய ஆய்வுகளில் பெரிய ஆபத்து எதுவும் வெளிப்படவில்லை. தலைவலி போன்ற சிறு தொல்லைகள் சொல்லப்பட்டன. அதை வைத்துப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டவர்களை முறையாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு கிடையாது. பெப்டைட் என்பதால் உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. தயாரிப்பில் உடைந்த துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகள் கலந்திருந்தால் அந்த வாய்ப்பு கூடும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள்: வேண்டவே வேண்டாம். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, மன அழுத்த மருந்து, ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர்களும் இதை மேலே ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

சட்டப்படி அனுமதி உண்டா?

தூக்கமின்மைக்கான மருந்தாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு ஒப்புதல் தரவில்லை. 2023-ல், மருந்துக் கடைகளில் தனியாகக் கலந்து தயாரித்துக் கொடுக்கப்படும் பொருட்களில், பாதுகாப்பு பற்றிக் கணிசமான கவலைக்குரியவை என்ற பிரிவில் எமிடெல்டைட்டைச் சேர்த்தது. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும், மாறவும் செய்யும். போட்டி விளையாட்டில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: எங்குமே மருந்தாக அனுமதி பெறாத பொருட்களை மொத்தமாகத் தடை செய்யும் விதி உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கிறது. தொடுவதற்கு முன் உங்கள் விளையாட்டு அமைப்பின் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

"ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதி விற்கிறார்களே, 99 சதவீதம் சுத்தம் என்று சான்றிதழும் தருகிறார்களே?

இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். "மனிதர்களுக்கு அல்ல" என்று லேபிளில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே எத்தனை நாள், எந்த நேரத்தில் என்று அட்டவணை போடுகிறார்கள். லேபிள் யாரைக் காப்பாற்ற எழுதியது என்று யோசித்தாலே புரியும்.

சான்றிதழில் இருக்கும் 99 சதவீதம் என்பது, குப்பியில் உள்ள பெப்டைட் வகைப் பொருளில் எவ்வளவு சரியான பெப்டைட் என்பதைத்தான் பொதுவாகக் காட்டும். கிருமி இல்லை என்பதை அது சொல்லாது. பாக்டீரியா செத்தாலும் அதன் சுவரிலிருந்து வரும் நச்சு மிஞ்சும், ஊசியில் போனால் காய்ச்சல், நடுக்கம், அதற்கு மேலும் வரும். அதற்குத் தனிச் சோதனை வேண்டும். குப்பியில் எழுதிய மில்லிகிராம் உண்மையா, அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு ஈரம் என்பதும் வேறு கணக்கு. போதாக்குறைக்கு டிரிப்டோஃபேன் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடக்கூடியது, அஸ்பார்டிக் அமிலம் நீரில் கரைந்து கிடக்கும்போது மெல்ல உருமாறக்கூடியது. தயாரித்த அன்றைய சான்றிதழ், பல வாரம் பயணம் செய்து நீங்கள் நீர் கலந்து வைத்த குப்பிக்குப் பொருந்தாது.

எவ்வளவு போட வேண்டும்?

சொல்ல மாட்டேன். மேலே உள்ள 25 நானோமோல் என்பது மருத்துவர் பக்கத்தில் இருக்க, ரத்தக் குழாயில் ஏற்றிய அளவு. இணையத்தில் சுற்றும் அட்டவணைகள் தோலுக்கடியில் போடும் ஊசிக்கானவை, அந்த வழியில் இது மனிதத் தூக்கத்துக்கு என்ன செய்கிறது என்று ஒழுங்காகச் சோதித்து வந்த எண்கள் அல்ல அவை.

மாத்திரையாக, மூக்குத் தெளிப்பாகக் கிடைத்தால்?

வாய் வழியாகப் போனால் குடலில் உள்ள நொதிகளுக்கு இது இன்னொரு சாப்பாடுதான், பெரும்பகுதி அங்கேயே உடைந்துவிடும். மூக்கு வழி கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் எவ்வளவு உள்ளே போகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

போட்டுக்கொண்ட பலர் நன்றாகத் தூங்கியதாகச் சொல்கிறார்களே, அவர்களெல்லாம் பொய்யா சொல்கிறார்கள்?

இல்லை, நன்றாகத் தூங்கியிருப்பார்கள். ஊசி போட முடிவெடுத்த ஆள் அதே வாரத்தில் காபியைக் குறைத்திருப்பார், சீக்கிரம் படுத்திருப்பார், தூக்கத்தைக் கவனிக்க ஆரம்பித்திருப்பார். பலன் கிடைக்காதவர் எழுதாமல் நகர்ந்துவிடுவார். வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் வேறு பெப்டைட்டும் சேர்த்துப் போட்டவர்கள் நிறையப் பேர், எது என்ன செய்தது என்று அவர்களுக்கே தெரியாது.

என் கைக்கடிகாரம் ஆழ்ந்த தூக்கம் 35 நிமிடம்தான் என்கிறது. பயப்பட வேண்டுமா?

கடிகாரம் மூளை அலையைப் பார்க்கவில்லை. கை அசைவு, நாடித் துடிப்பு இரண்டையும் வைத்து ஊகிக்கிறது. தூங்கினீர்களா விழித்தீர்களா என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும், எந்தக் கட்டம் என்பதில் நிறையத் தவறும். வயதும் ஒரு காரணம். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் 16 முதல் 25 வயது ஆண்களுக்குத் தூக்கத்தில் சுமார் 19 சதவீதம் ஆழ்ந்த தூக்கம், 36 முதல் 50 வயதில் 4 சதவீதத்துக்கும் கீழே. எண்கள் கணக்கிடும் முறைக்குத் தகுந்தாற்போல் ஆய்வுக்கு ஆய்வு மாறும், ஆனால் இறங்குமுகம் எல்லாவற்றிலும் தெரியும். நாற்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரின் வரைபடத்தைப் பார்த்து ஏங்குவதில் அர்த்தமில்லை. பகலில் சுறுசுறுப்பாக இருக்கிறீர்களா என்பதுதான் முக்கியம். எண்ணையே நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஆழ்ந்த தூக்கத்தை உண்மையில் எது கூட்டும்?

எவ்வளவு நேரம் தொடர்ந்து விழித்திருந்தீர்கள் என்பதுதான் முதல் காரணம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்தின் அழுத்தம் கூடும், அதில் அடினோசின் என்ற பொருளுக்குப் பங்கு உண்டு. அந்த அழுத்தம் அதிகமானால் அன்றிரவு டெல்டா அலைகள் தானாகவே ஓங்கும். ஆக, தூக்கம் வராதவர் வழக்கமாகச் செய்யும் வேலை, அதாவது ஒன்பது மணிக்கே படுத்து, காலை எட்டு வரை புரண்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் சாய்வது, அழுத்தத்தை வடியவிட்டு ஆழத்தைக் குறைக்கும். இதைத் தலைகீழாக்குவதுதான் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் முக்கியமான பகுதி: படுக்கையில் இருக்கும் நேரத்தை முதலில் சுருக்கி, தூக்கம் கெட்டியான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், பகலில் தள்ளாடும், வண்டி ஓட்டுபவர்களும் வலிப்பு, பைபோலார் போன்ற நோய் உள்ளவர்களும் மருத்துவர் துணையின்றித் தொடங்கக் கூடாது. ஆனால் 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முதலில் கொடுக்கச் சொன்னது. டிஎஸ்ஐபிக்கு இதில் நூறில் ஒரு பங்கு சான்று இருந்திருந்தால் நானே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அப்புறம் காஃபின். அது அடினோசினின் ஏற்பியை அடைத்து அழுத்தத்தை மறைத்துவிடும். 2013-ல் ஓர் ஆய்வில், படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கத்தை இழந்தார்கள். மது முதல் பாதி இரவை ஆழமாக்குகிற மாதிரி ஏமாற்றி, இரண்டாம் பாதியைத் துண்டு துண்டாக்கும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீர்க் குளியல் சிலருக்கு உதவும், அதற்குப் பிறகு உடம்பு உள்ளே குளிர்வதுதான் காரணம். உடற்பயிற்சியும் நல்லது.

தூக்க மாத்திரை ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டாதா?

பழைய பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் தூங்க வைக்கும், ஆனால் டெல்டா அலைகளைக் குறைக்கும். டெல்டாவை நிச்சயமாகக் கூட்டும் மருந்துகளில் சோடியம் ஆக்ஸிபேட் ஒன்று. அது நார்கொலெப்சிக்குக் கொடுக்கப்படுவது, மூச்சை அடக்கக்கூடியது, கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பது. டெல்டா கூடினால் போதும் என்று எவரும் அதை ஆரோக்கியமானவருக்கு எழுதித் தருவதில்லை.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது என்றால் உடனே. அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். ஒவ்வொரு தடவை மூச்சு அடைபடும்போதும் மூளை ஆழத்திலிருந்து மேலே இழுக்கப்படும்; ஆழ்ந்த தூக்கம் கிடைக்காததற்கு அடைப்புதான் காரணம் என்றால் எந்த பெப்டைட்டும் அதைத் திறக்காது. கால் குடைச்சல், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, இரவில் பலமுறை சிறுநீர் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ, மூன்று மாதமோ அதற்கு மேலோ தூக்கம் கெட்டிருந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதால் அவஸ்தை வரும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. ஆனால் நீங்கள் இதோடு வேறு தூக்க மாத்திரையும் எடுத்தால் அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அதற்கு மருத்துவர் வேண்டும். ஊசி போட்ட இடம் சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் நடுக்கம் வந்தாலோ காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது என்றால் அவசர சிகிச்சைதான். போகும்போது குப்பியையும் லேபிளையும் எடுத்துப் போங்கள், என்ன போட்டீர்கள், எத்தனை நாளாக என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைத்தால் அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைப் பையில் அப்படியே போடாமல், கெட்டியான மூடிய டப்பாவில் போட்டு மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ கேட்டு ஒப்படையுங்கள்.